வெந்த பட்டும் வெந்த முடியும்

ஆடி மாதம், விடிந்தும் விடியாத நேரம். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தறிக்கான பாவு நூலை நீட்டியிருந்தார்கள். அரிசிக் கஞ்சியைத் தெளித்து, நீவி, அறுந்த இழையைத் தேடிப் பிணைத்துக்கொண்டு நாலு பேர் பாவோடு நடந்துகொண்டிருந்தார்கள். வெயில் ஏறினால் இழை காய்ந்து அறும். அதனால் காஞ்சிபுரத்தில் இந்த வேலை இருட்டோடு தொடங்கிவிடும். ஆடிக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்த என் அண்ணன் மகள் தலைக்குக் குளித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தலை வாரினாள். சீப்பை இழுக்க இழுக்க முடி அறுந்து அறுந்து மடியில் விழுந்தது. விரல் நீளம், அரை விரல் நீளம் என்று துண்டு துண்டாக.

நிச்சயதார்த்தத்துக்குத் தலையில் பழுப்புக் கோடுகள் போட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு முதலில் பிளீச். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அதே முடிக்கு ஸ்மூத்தனிங். கல்யாணத்தன்று காலையில் மறுபடியும் சூட்டுக்கம்பி. கல்யாணப் படத்தில் முடி கண்ணாடி மாதிரி மின்னுகிறது. இரண்டே மாதத்தில் இந்தக் கோலம்.

அப்பா நாற்பது வருஷம் சாயப்பட்டறையில் நின்றவர். பேத்தியின் மடியிலிருந்து ஒரு முடியை எடுத்து, சொம்புத் தண்ணீரில் நனைத்து, இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இழுத்தார். ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே போனது. விட்டபோது சுருங்கவில்லை. இன்னொரு இழுப்பில் அறுந்தது.

"நூல் வெந்துபோச்சும்மா. சோடா கூடிப்போன பட்டு இப்படித்தான் போகும்."

"இதுக்கு என்ன தாத்தா போடணும்?"

"வெந்த நூலுக்கு ஒண்ணும் போட முடியாது. இனிமே வர்ற நூலைக் கெடுக்காம பாரு."

முடியைப் பற்றி நான் படித்ததும் கேட்டதும் எல்லாம் அப்பாவின் இந்தப் பதிலுக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் அது ஏன் அப்படி என்று தெரிந்தால்தான், கடையில் விற்கும் எந்தப் புட்டி என்ன செய்யும், எது செய்யாது என்று நமக்குப் பிடிபடும்.

பட்டுப்புழு நூற்ற கச்சாப் பட்டு தொட்டால் கரடுமுரடாக, மங்கலாக இருக்கும். இழையைச் சுற்றி ஒரு பசை உண்டு, பெயர் செரிசின். எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அதுதான். சோப்பும் சோடாவும் கலந்த கொதிநிலைக்குச் சற்றுக் குறைந்த நீரில் நூலைப் போட்டு அந்தப் பசையைக் கரைத்தால்தான் உள்ளே இருக்கும் பட்டு மின்னும், சாயமும் பிடிக்கும். இங்கேதான் கைப்பக்குவம். சோடா குறைந்தால் பசை நிற்கும், சாயம் திட்டுத் திட்டாக ஏறும். கூடினாலோ, நேரம் நீண்டாலோ, பசையோடு பட்டின் உடம்பும் கரையத் தொடங்கும். அந்த நூலைத் தறியில் ஏற்றினால் பஞ்சு பஞ்சாக நார் கிளம்பும். தறியின் அச்சில் உரசி உரசி அறும். அதை மறுபடி பட்டாக்க ஒரு வழியும் கிடையாது.

முடியும் பட்டைப் போலவே புரதத்தால் ஆனது. பட்டு ஃபைப்ராயின், முடி கெரட்டின். தலைத்தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடியில் உயிர் இல்லை, ரத்த ஓட்டம் இல்லை. வெட்டுக்காயம் ஆறுவதுபோல அது தானாக ஆறாது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல முடிக்கு 'ஊட்டம்' கொடுக்கலாம் என்று விளம்பரம் சொல்வதை நம்பி எத்தனை பெண்கள் எவ்வளவு பணம் செலவழிக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு மனசு வலிக்கிறது. ஊட்டம் வேருக்கு வேண்டும். வெளியே தொங்கும் முடிக்கு வேண்டியது நூலுக்கு வேண்டிய பராமரிப்பு.

பட்டுக்கும் முடிக்கும் இரண்டு முக்கியமான வித்தியாசம். பட்டு இழை வழவழப்பானது. முடியின் மேலே செதில்கள் உண்டு. தென்னை மட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருப்பதுபோல ஐந்து முதல் பத்து அடுக்கு. வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கும். அதனால்தான் முடியை நுனியிலிருந்து வேர்ப்பக்கமாகத் தடவினால் விரலில் சொரசொரக்கிறது. அந்தச் செதில்களின் மேல் முடியோடு ரசாயனமாகவே ஒட்டிய ஒரு மெல்லிய கொழுப்புப் படலம் இருக்கிறது. தண்ணீரை உருட்டிவிடுவதும் மினுமினுப்பதும் அதன் வேலை. பிளீச்சோ கடுமையான காரமோ பட்டால் அந்தப் படலம் போய்விடும். போனால் அந்த முடியில் அது திரும்பி வராது.

இரண்டாவது வித்தியாசம் கந்தகம். முடியின் உள்ளே புரதச் சரங்களைக் குறுக்கே கட்டி வைத்திருப்பவை கந்தகப் பிணைப்புகள். பட்டில் அது இல்லை என்றே சொல்லலாம். சுருளும் நேருமாக முடி தன் வடிவத்தைக் காப்பது இந்தக் கட்டுகளால்தான். முடியை நிரந்தரமாக நேராக்கும் ரீபாண்டிங் என்பது இவற்றை ஒரு மருந்தால் வெட்டி, 180 டிகிரிக்கு மேல் சூடான கம்பியால் தேய்த்து நேராக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு புதிய இடத்தில் கட்டுவது. வெட்டியதில் ஒரு பங்கு திரும்பக் கட்டுப்படுவதே இல்லை. ஸ்மூத்தனிங் என்ற பெயரில் செய்வதும் பெரும்பாலும் இதன் தம்பிதான்.

எங்கள் ஊர்ப் பெண்களின் கருமுடியைப் பழுப்பாக்குவது அதைவிடக் கடினம். கறுப்பு நிறமி உள்ளே ஆழத்தில் இருக்கிறது. அதை எரிக்க அழகு நிலையங்களில் 20, 30, 40 வால்யூம் என்று சொல்லும் பெராக்சைடு வேண்டும். அதாவது 6, 9, 12 சதவீதம். காரத்தால் செதிலைத் திறந்து உள்ளே போகிற பெராக்சைடு நிறமியோடு கந்தகக் கட்டுகளையும் சேர்த்து உடைக்கிறது. பிளீச் செய்த முடியின்மேல் ஸ்மூத்தனிங் செய்தால், ஏற்கெனவே பாதி கட்டு அறுந்த நூலில் மீதியையும் வெட்டுகிறோம். அண்ணன் மகளின் முடி ஈரத்தில் ரப்பராக நீண்டது இதனால்தான். நல்ல முடியை நனைத்து இழுத்தால் தன் நீளத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் நீண்டு, விட்டால் பழையபடி வந்துவிடும்.

கெரட்டின் ட்ரீட்மென்ட் பற்றியும் ஒரு வார்த்தை. பெயரில் கெரட்டின் இருப்பதால் முடிக்குப் புரதம் ஏறுகிறது என்று நினைக்கிறோம். பல கலவைகளில் வேலை செய்வது ஃபார்மால்டிஹைடு அல்லது சூடுபட்டால் அதை வெளிவிடும் பொருள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியிருக்கிறது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்ஸிலிக் அமிலக் கலவையால் ஒரு இளம் பெண்ணுக்கு முடியை நேராக்கிய ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் 2024இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். கண் எரிகிற, மூக்கு எரிகிற அறையில் உட்கார வேண்டாம். நமக்கு ஒரு நாள். அங்கே வேலை செய்யும் பிள்ளைகளுக்குத் தினமும்.

சரி, கெட்டது கெட்டுவிட்டது. இனி?

முதல் கணக்கு நீளம். முடி மாதத்துக்கு 1 முதல் 1.25 செ.மீ. வளரும், வருஷத்துக்கு 12 முதல் 15 செ.மீ. தோள் வரை புது முடி வர இரண்டு வருஷம் ஆகும், இடுப்பு வரை என்றால் நாலைந்து. எந்த எண்ணெயும் இந்த வேகத்தை இரண்டு மடங்காக்காது. மனசு திடமிருந்தால் கழுத்து வரைக்கும் வெட்டிவிடுவது சுலபமான வழி. திருத்தணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டால் அதைவிடச் சுத்தம். ஆனால் மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வரும் என்பது உண்மையில்லை. முளைக்கும் முடியின் நுனி மழுங்கலாக இருப்பதால் கைக்குத் தடிப்பாகத் தெரிகிறது. வேரின் எண்ணிக்கை அதேதான். கோவில்களில் காணிக்கையாகும் முடிக்கு வெளிநாட்டுச் சந்தையில் நல்ல விலை கிடைப்பதற்கு ஒரு காரணம், பெரும்பாலும் அது சாயமோ பிளீச்சோ படாத, செதில் கெடாத முடி என்பது.

புதுப்பெண்ணுக்கு வெட்ட மனசு வரவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். தோளுக்குக் கீழே வெடித்த நுனியை மட்டும் எடுத்துவிட்டு, எட்டு வாரத்துக்கு ஒரு முறை 1 செ.மீ. வெட்டுவது என்று வைத்துக்கொண்டோம். எட்டு வாரத்தில் இரண்டு செ.மீ.க்குச் சற்று மேல் வளரும், ஒன்று போகும். நீளமும் கூடும், கெட்டதும் கீழிருந்து குறைந்துகொண்டு வரும். வெட்டாமல் விட்டால் நுனி வெடிப்பு மேலே மேலே ஏறும். தானாக உடைந்து போகிற நீளம் கத்தரியில் போவதைவிட அதிகம்.

நாலைந்து மாதத்தில் ஒரு கோடு தெரியும். மேலே பிறவிச் சுருட்டை, கீழே மருந்து போட்ட நேர்முடி. இரண்டும் சேருமிடம்தான் மிகவும் பலவீனமானது. கோர்வைப் புடவையில் உடலும் கரையும் சேருமிடத்தில் நெசவாளி எவ்வளவு கவனமாக இருப்பாரோ அவ்வளவு கவனம் அங்கே வேண்டும். பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று மேல்பாதிக்கு மட்டும் இன்னொரு முறை 'டச்சப்' செய்ய ஆசை வரும். மருந்து வழிந்து பழைய இடத்தில் பட்டால் அந்தக் கோட்டிலேயே கொத்தாக அறும். சடை பின்னலோ தளர்வான கொண்டையோ போட்டு அந்த மாதங்களைக் கடத்திவிடுவதே நல்லது. இறுக்கிக் கட்டாமல், தினமும் ஒரே இடத்தில் ரப்பர் பேண்டு போடாமல்.

இனி குளியல். அன்றாடச் சேதத்தில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது, காப்பாற்ற முடிவதும் இங்கேதான்.

கொழுப்புப் படலம் போன முடி தண்ணீரைக் குடித்து ஊதும், காய்ந்தால் சுருங்கும். திரும்பத் திரும்ப ஊதிச் சுருங்குவதே உள்ளே விரிசலை உண்டாக்குகிறது. அதனால் நனைப்பதற்கு முன்னால் எண்ணெய். தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம் மெலிந்த நேர்ச்சங்கிலி மூலக்கூறு. அது முடிக்குள்ளே நுழையும். 2003இல் மும்பை மாரிகோ நிறுவனத்து ஆய்வாளர்கள் தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். குளிப்பதற்கு முன்போ பின்போ தேய்த்தால் முடியிலிருந்து புரதம் கழுவிப்போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. மாரிகோ பாராசூட் எண்ணெய் விற்கும் நிறுவனம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனாலும் நம் பாட்டிமார் சனிக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் செய்ததற்கு அந்த ஆய்வு ஒரு காரணத்தைச் சொல்கிறது. தலைத்தோலில் வழிய வழிய ஊற்ற வேண்டியதில்லை. கெட்ட நீளத்தில், நுனி வரைக்கும், குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்போ முந்தின இரவோ தடவினால் போதும்.

கழுவ எது? எங்கள் ஊரில் பட்டுப்புடவையைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில்தான் அலசுவார்கள். சலவை சோப்பில் காரம், பட்டுக்கு ஆகாது. முடிக்கும் அதே நியாயம். உடம்பு சோப்பைத் தலையில் தேய்ப்பது, சமையல் சோடாவில் அலசுவது இரண்டையும் விட்டுவிடுங்கள். பூந்திக்கொட்டை, சீயக்காய், அரப்பு எல்லாம் நல்லவைதான். ஆனால் கெட்ட முடிக்குத் தூளாகத் தேய்க்கக் கூடாது. திப்பி செதிலைச் சுரண்டும், பிறகு அதை எடுக்கச் சீப்பால் இழுப்போம். கொதிக்க வைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிய தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். ஷாம்பூவானால் மென்மையான ஒன்று, தலைத்தோலில் மட்டும். வழிகிற நுரையே நீளத்துக்குப் போதும். துணி கசக்குவதுபோல முடியை உச்சியில் குவித்துக் கசக்காதீர்கள்.

சீயக்காயில் சோறு வடித்த கஞ்சியைக் கலந்து தேய்க்கும் வழக்கம் பல வீடுகளில் இன்னும் உண்டு. தெருவில் பாவுக்கு ஏன் கஞ்சி போடுகிறார்கள்? நூலின் மேல் மெல்லிய உறை படிந்து நார் அடங்கும், அச்சில் உரசும்போது அறாது. முடிக்கும் கஞ்சி அதையே செய்கிறது. முடியை வளர்க்காது, உரசலைக் குறைக்கும். அதிகம் போட்டால் கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைத்து முறியும் என்பதால் நீர்க்க இருக்க வேண்டும். வெந்தயத்தின் வழவழப்பு, செம்பருத்தி இலையின் கொழகொழப்பு இரண்டும் இதே ரகம்.

கடையில் கிடைக்கும் கண்டிஷனர் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான உறை. சேதமான முடியில் எதிர் மின்னூட்டம் அதிகம். கண்டிஷனரில் நேர் மின்னூட்டமுள்ள பொருள். அதனால் எங்கே சேதம் அதிகமோ அங்கே போய் அதிகமாக ஒட்டிக்கொள்ளும். விலை அதிகமானதுதான் வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு தலைக்குளியலுக்கும் காதுக்குக் கீழே தாராளமாகப் போட்டு, விரலால் கோதி, அலசுங்கள். சிலிக்கான் சேர்ந்ததாக இருந்தால் பயப்பட வேண்டாம். உரசலிலிருந்து காப்பாற்ற அது நல்லது. முட்டையும் தயிரும் பூசினால் கொஞ்சம் மிருதுவாகத் தெரியும், ஆனால் அதன் புரதம் முடிக்குள் நுழைய முடியாத அளவு பெரியது. ஓலாப்ளெக்ஸ் போல அறுந்த கட்டைச் சேர்ப்பதாகச் சொல்லும் மருந்துகள் 2014இலிருந்து வரத் தொடங்கின. உடைவது சற்றுக் குறையலாம். விலைக்கு ஏற்ற அற்புதத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

சாயம் ஏற்றிய பட்டைக் கடைசியாகச் சிறிது அமிலம் கலந்த நீரில் அலசுவது உண்டு. கையில் பிடித்துக் கசக்கினால் நறநறவென்று ஒரு ஓசை கேட்குமே, அதற்கு அந்த அலசலும் ஒரு காரணம். முடியிலும் லேசான அமிலம் செதிலைப் படிய வைக்கும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் பிடிக்கும் வீடுகளில் இது இன்னும் உதவும். கெட்ட முடி அந்தத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பை நிறைய இழுத்துக்கொண்டு சொரசொரப்பாகிவிடும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகர், கடைசி ஊற்றலாக. எலுமிச்சையை அப்படியே பிழியாதீர்கள், அது மிகக் கடுமை.

குளித்த பிறகு துண்டை முறுக்கி முடியை அடித்து அடித்து ஈரம் போக்குவதைச் சின்ன வயதில் எல்லார் வீட்டிலும் பார்த்திருப்போம். பலமான முடி அதைத் தாங்கியது. வெந்த முடி ஈரத்தில் பாதி பலத்தில் இருக்கிறது. நைந்த பழைய வேட்டியால் ஒற்றி எடுங்கள். முக்கால் ஈரம் காய்ந்த பிறகு அகலப் பல் சீப்பு, நுனியிலிருந்து தொடங்கி நாலு விரல் நாலு விரலாக மேலே. ஒரு சிக்கை எடுக்கும்போது அதற்கு மேலே முடியை மறு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். பாவில் சிக்கு எடுப்பவர் இழுத்து எடுப்பதே இல்லை, தளர்த்தித்தான் எடுப்பார். அவசரமாக வெளியே போக வேண்டுமென்று ஈர முடியில் சூட்டுக்கம்பி வைத்தால் உள்ளே தண்ணீர் கொதித்து ஆவியாகி, நூலுக்குள் குமிழி குமிழியாக ஓட்டை விழும். அந்த இடத்தில் முறியும். சாம்பிராணிப் புகையின் மெல்லிய சூட்டால் அப்படி ஆகாது. தலையணைக்குப் பழைய பட்டுத் துணியைப் போட்டால் உரசல் குறைகிறது.

நரையுள்ளவர்கள் சாயத்தை வேரில் முளைத்த புது முடிக்கு மட்டும் போடுங்கள். போட்டதன்மேல் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். மருதாணி வேண்டுமானால் சுத்தமான இலை. உடனே கறுக்கும் 'கறுப்பு மருதாணி'யில் பிபிடி என்ற சாயப்பொருள் கலந்திருக்கும், சிலருக்கு முகமே வீங்கிவிடும். உலோக உப்பு கலந்த மருதாணித் தூள் போட்ட முடியில் பிறகு பெராக்சைடு பட்டால் சூடேறி முடி கருகிவிடவும் கூடும்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். விழுந்த முடியின் ஒரு முனையில் கடுகுக்கும் சின்னதாக வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. குமிழே இல்லாமல் குட்டையாக இருந்தால் அறுந்தது. அறுவதற்கு மேலே சொன்ன பராமரிப்பு. கைப்பிடியாக உதிர்ந்தால், தலைத்தோல் வெந்திருந்தால், வட்டமாகச் சொட்டை தெரிந்தால் தோல் மருத்துவரிடம் போக வேண்டும்; இரும்புச் சத்தும் தைராய்டும் சோதித்துப் பார்ப்பார்கள். பயோட்டின் மாத்திரையைத் தானாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். குறைபாடு இல்லாதவருக்கு அதனால் பலன் கிடையாது. அது தைராய்டு, இதய ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தப்பாகக் காட்டிவிடும் என்று அமெரிக்க மருந்துத் துறையே 2017இல் எச்சரித்தது.

அண்ணன் மகளுக்கு இந்த ஆடியோடு இரண்டு வருஷம். முதல் ஆறு மாதம் அழுதிருக்கிறாள். தலையைப் பார்த்துக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் விசேஷங்களுக்கு வராமல் இருந்திருக்கிறாள். போன வாரம் கடைசியாக மிஞ்சியிருந்த நேர்முடியை வெட்டியாகிவிட்டது. இப்போது தோள் வரைக்கும் அவளுடைய சொந்தச் சுருட்டை. வந்ததும் வராததுமாகத் தாத்தாவிடம் போய் உட்கார்ந்து, சீப்பில் வந்த ஒரு முடியை எடுத்துக் கொடுத்தாள். அப்பாவுக்கு இப்போது கை கொஞ்சம் நடுங்குகிறது. சொம்பில் நனைத்து இழுத்தார். நீண்டது. விட்டார். சுருண்டு விரலைச் சுற்றிக்கொண்டது.